மைசூர்ப் பிரஜா பிரதிநிதி சபை: ஆலோசனை மன்றமும் நடவடிக்கை வெளிப்பாடும்

முன்னுரை

உள்ளாட்சி அமைப்புகள் இருவகை மன்றங்களைக் கொண்டு இயங்குகின்றன. தீர்மானம் நிறைவேற்றி அதனைச் செயற்படுத்தும் ஆற்றல் பெற்றது ஒருவகை. கருத்துரைக்க மட்டுமே உரிமையுடைய ஆலோசனைக் குழு மற்றொரு வகை. முன்னதன் கூட்டங்கள் பொதுமக்கள் முன்னிலையில் நடைபெறவேண்டும் என்பது பல நாட்டுச் சட்டங்களில் ஏற்கப்பட்ட நெறியாகும். பின்னதைப் பற்றிய நெறி அத்துணைத் தெளிவுடையதன்று. முடிவெடுக்கும் ஆற்றல் இல்லாத குழு எங்கே கூடினால் என்ன, எவர் முன்னிலையில் பேசினால் என்ன என்னும் எண்ணம் நிர்வாகத்தாரிடையே இயல்பாகவே நிலவி வந்துள்ளது.

இந்தியாவில் இப்பொருள் பற்றி நேரடியாகப் பேசும் சட்டவிதி, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் எவரும் கேளாமலே வெளியிட வேண்டிய 17 வகைச் செய்திகளை வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் எட்டாவது, அவ்வமைப்பின் பகுதியாகவோ அதற்கு அறிவுரை கூறும் பொருட்டோ இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட வாரியங்கள், மன்றங்கள், குழுக்கள் ஆகியவற்றின் பட்டியலாகும். அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, நடவடிக்கைக் குறிப்புகள் மக்களுக்குக் கிட்டுமா என்பதையும் அப்பட்டியலில் கூறவேண்டும். விதியின் அமைப்பு உற்றுநோக்கத்தக்கது. கூட்டத்தைத் திறந்து வைக்கவேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. திறந்ததா, மூடியதா என்று அறிவிக்கவேண்டும் என்று மட்டுமே கூறுகிறது.

அவ்வினாவுக்கு மைசூர் நகரின் வரலாற்றில் நெடிய முன்வரலாறு உண்டு. முடிவெடுக்கும் அதிகாரம் சிறிதும் இல்லாத ஓர் ஆலோசனைச் சபை 1881 முதல் 1949 வரை அந்நகரில் இயங்கிவந்தது. ஆலோசனை மன்றத்தின் வலிமை அது கூறியதும் அதற்குக் கிடைத்த விடையும் பலரறியப் பதிவாவதிலேயே உள்ளது என்பதை அச்சபையின் வரலாறு காட்டுகிறது. அவ்வரலாற்றையும், அதன் ஒளியில் இன்றைய உள்ளாட்சி ஆலோசனைக் குழுக்களின் நிலையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

‘வாரியம்’ என்னும் சொல்லும் அதன் பின்புலமும்

ஆலோசனைக் குழுக்களையும் நிர்வாகக் குழுக்களையும் குறிக்க இன்றைய தமிழில் வழங்கும் ‘வாரியம்’ என்னும் சொல் கல்வெட்டிலிருந்து மீட்டெடுக்கப்பட்டதாகும். மின்வாரியம், வீட்டுவசதி வாரியம் முதலான ஆட்சிச் சொற்கள் இவ்வழிப் பிறந்தவை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யும் முறையை விரிவாகக் கூறுகின்றன.

அம்முறையில் இக்கட்டுரைப் பொருளுக்கு இன்றியமையாதது தேர்வின் வெளிப்படைத் தன்மையாகும். முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. இளையோரும் முதியோரும் உட்படச் சபையார் அனைவரும் கூடியிருக்க, ஒருவரும் விலகாது நம்பிமார் அங்கிருக்க, குடம் எல்லோரும் காணுமாறு உயர்த்திக் காட்டப்பட்டது. உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசித்தான். அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதே ஓலையை மீண்டும் வாசித்தனர். அதன் பின்னரே பெயர் பதிவாயிற்று. கையில் வேறோர் ஓலை மறைந்திருக்க இடமின்மையையும், ஒருவர் வாசித்ததைப் பலர் சரிபார்த்தலையும் ஒருங்கே உறுதிசெய்யும் நடைமுறை இது. கணக்குக் காட்டாதிருந்தவரும் அவர்தம் உறவினரும் தேர்வுக்கு உரியவராகார் என்னும் விதியும் உடன் காணப்படுகிறது.

இதனை இன்றைய மக்களாட்சியோடு ஒன்றாக்கிக் காண்பது பொருந்தாது. உத்தரமேரூர் ஒரு பிரமதேயம். வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையாரே குடவோலைக்கு உரியவர். சபைக்குள் வெளிப்படையாக நடந்தது, சபைக்கு வெளியே இருந்த உழுகுடிக்கும் பெண்டிருக்கும் திறந்திருக்கவில்லை. யாருக்குத் திறந்தது என்னும் வினாவைத் தவிர்த்துவிட்டு வெளிப்படைத் தன்மையைப் பற்றிப் பேசுதல் முழுமையுறாது என்பதே இக்கல்வெட்டு தரும் முதற்பாடம். ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகளுக்குப் பின் மைசூரில் தோன்றிய சபையையும் இவ்வினாவே தொடர்ந்தது.

1881: சபையின் தோற்றம்

மைசூர் அரசின் நிர்வாகம் 1831 முதல் ஐம்பது ஆண்டுகள் ஆங்கிலேய ஆணையர்களின் கையில் இருந்தது. 1881 மார்ச் 25-இல் அது சாமராஜேந்திர உடையாரிடம் திரும்ப அளிக்கப்பட்டது. செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்து சென்னையில் கல்வி கற்ற சி.வி. ரங்காசார்லு திவானாகப் பொறுப்பேற்றார். அவர் ஏற்றது வளமான நாடன்று. 1876-78-ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சம் நாட்டைச் சிதைத்திருந்தது. 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 50 லட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை 1881-இல் 42 லட்சத்துக்கும் கீழே வீழ்ந்தது. பஞ்ச நிவாரணத்துக்காக ஆங்கில அரசிடம் பெற்ற 80 லட்ச ரூபாய்க் கடனும் புதிய அரசின் தோளில் ஏறியிருந்தது.

இச்சூழலில் 1881 ஆகஸ்டு 25-ஆம் நாளிட்ட அரசாணை பிரஜா பிரதிநிதி சபையைத் தோற்றுவித்தது. ஒவ்வோர் ஆண்டும் தசராவை அடுத்து, நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் நிலவுடைமையாளரும் வணிகரும் மைசூரில் கூடவேண்டும் என்றும், கடந்த ஆண்டின் நிர்வாகப் பயனையும் வரும் ஆண்டின் திட்டத்தையும் திவான் அவர்கள்முன் வைப்பார் என்றும் அவ்வாணை கூறியது. அரசின் நோக்கங்களை மக்கள் நேரில் அறிந்தால் தவறான எண்ணங்கள் அகலும் என்பதும், அரசின் நலனும் மக்களின் நலனும் ஒன்றே என்பது விளங்கும் என்பதும் அதன் கருத்து. வட்டத்துக்கு ஓரிருவராக உழவர்களையும், மாவட்டத்துக்கு மூவர் நால்வராக வணிகர்களையும் தெரிவு செய்யும் பொறுப்பு உள்ளூர் நிதி வாரியங்களிடம் விடப்பட்டது. ஆகவே இச்சபை பிறப்பிலேயே உள்ளாட்சி அமைப்புகளோடு பிணைந்த ஓர் ஆலோசனை மன்றமாகும்.

1881 அக்டோபர் 7-இல் நடந்த முதற்கூட்டத்தில் 144 உறுப்பினர் கலந்துகொண்டனர். அவர்களுக்கு வாக்களிக்கும் உரிமையில்லை. சட்டம் இயற்றவோ வரவுசெலவுத் திட்டத்தைத் திருத்தவோ அதிகாரமில்லை. திவான் தம் ஆண்டுரையை வாசிப்பார். உறுப்பினர் தத்தம் பகுதிக் குறைகளையும் வேண்டுகோள்களையும் முன்வைப்பர். அவற்றுக்கு அரசு விடையளிக்கும். சபையின் பணி அவ்வளவே.

எனினும் அந்த எளிய நடைமுறையில் மூன்று கூறுகள் பொதிந்துள்ளன. முதலாவது, கூட்டத்தின் காலம் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தசரா முடிந்தவுடன் மைசூரில் சபை கூடும் என்பதை அறிய எவருக்கும் தனி அறிவிப்புத் தேவைப்படவில்லை. இரண்டாவது, அரசு தான் செய்ததையும் செய்யவிருப்பதையும் தொகையோடும் காரணத்தோடும் சொல்லியாக வேண்டியிருந்தது. மூன்றாவது, சொன்னவை அச்சேறின. திவான்களின் ஆண்டுரைகளும் சபை நடவடிக்கைகளும் நூல்வடிவில் வெளியிடப்பட்டன. ஓராண்டு அளித்த வாக்குறுதியை மறு ஆண்டில் எடுத்துக்காட்டிக் கேட்பதற்கு உறுப்பினரின் கையில் ஏடு இருந்தது. முடிவெடுக்கும் அதிகாரத்தின் இடத்தை ஓரளவு நிரப்பியது இந்த ஏடே எனலாம்.

ரங்காசார்லு 1883 ஜனவரியில் மறைந்தார். சபையின் மூன்றாம் கூட்டத்தைக் காண அவர் இருக்கவில்லை. ஒருவரின் விருப்பத்தால் தோன்றிய மன்றங்கள் அவரோடு மறைவதே வழக்கம். அச்சிட்ட ஏடும் நிலையான காலமும் இச்சபையை அந்த நிலையிலிருந்து காத்தன.

சபையின் வளர்ச்சியும் அதன் எல்லையும்

அடுத்து வந்த திவான் கு. சேஷாத்ரி ஐயர் 1883 முதல் 1901 வரை பதவியில் இருந்தார். அவர் காலத்தில் உறுப்பினரை நியமிக்கும் முறை மாறித் தேர்தல் முறை வந்தது. 1891 முதல், குறிப்பிட்ட அளவு வரி செலுத்துவோரும் பட்டதாரிகளும் வாக்களித்து உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். இது முன்னேற்றமே எனினும், வாக்காளர் தொகை நாட்டின் மக்கள்தொகையில் மிகச்சிறு பகுதியாகவே இருந்தது. நிலமற்றோரும் பெண்களும் சபையின் வாயிலுக்கு வெளியே நின்றனர். 1923-ஆம் ஆண்டுச் சட்டமே பெண்களுக்கிருந்த வாக்குரிமைத் தடையை நீக்கியது.

ஆலோசனைச் சபையின் இயல்பு தெளிவாக வெளிப்பட்ட நிகழ்வு குழந்தைமணத் தடைச் சட்டமாகும். எட்டு வயதுக்குட்பட்ட சிறுமியரின் திருமணத்தையும், ஐம்பது வயதைக் கடந்த ஆடவர் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்ணை மணப்பதையும் தடுக்கும் அவ்வொழுங்கு பற்றிச் சபையில் விவாதம் நடந்தது. எதிர்ப்பும் வலுவாக எழுந்தது. இருப்பினும் 1894-இல் அரசு அதனைச் சட்டமாக்கியது. சபையின் சொல் அரசைக் கட்டுப்படுத்தவில்லை. ஆனால் எதிர்ப்பும் அதற்கு எதிரான அரசின் காரணங்களும் பலரறிய வெளிப்பட்டன. பெரும்பான்மையின் கருத்து எப்போதும் சரியானதாக இராது என்பதற்கு இந்நிகழ்வு சான்று. அறிவுரையை ஏற்பதற்கும் அறிவுரையைக் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் இது காட்டுகிறது. அறிவுரையைத் தள்ளுபடி செய்யும் உரிமை அரசுக்கு உண்டு. தள்ளியதன் காரணத்தை வெளியே சொல்லவேண்டிய நிலையைத் திறந்த நடவடிக்கை உண்டாக்குகிறது.

1907-இல் சட்டமன்றம் தனியே அமைக்கப்பட்டது. கன்னடத்தில் அது நியாய விதாயக சபை எனப்பட்டது. இப்பெயரிலேயே விதி செய்யும் பணி குறிக்கப்பட, பிரஜா பிரதிநிதி சபையின் பெயர் மக்களின் சார்பைக் குறிப்பதோடு நின்றது. மோ. விசுவேசுவரையா திவானாக இருந்த 1912-18 காலப்பகுதியில் சபைக்குப் புதிய வாய்ப்புகள் கிடைத்தன. தசராக் கூட்டத்தோடு, 1917 முதல் மன்னரின் பிறந்தநாளை ஒட்டி இரண்டாம் கூட்டமும் நடைபெற்றது. அவருடைய முயற்சியால் 1911-இல் தொடங்கிய மைசூர்ப் பொருளாதார மாநாடு வேளாண்மை, கல்வி, தொழில்-வணிகம் ஆகிய மூன்று துறைகளுக்கும் ஆலோசனைக் குழுக்களை ஏற்படுத்தியது; மாவட்டம், வட்டம் என்னும் நிலைகளுக்கும் அம்முயற்சி விரிந்தது.

பிரஜேந்திரநாத் சீல் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரையை ஒட்டி 1923-இல் இயற்றப்பட்ட சட்டம் சபைக்குச் சட்ட அடிப்படை தந்தது. புதிய வரிகள் விதிக்குமுன்னும், சட்டமுன்வரைவுகளின் பொதுக் கொள்கை பற்றியும் சபையைக் கலந்தறிய வேண்டும் என்பது விதியாயிற்று. நாற்பத்திரண்டு ஆண்டுகள் அரசாணையின் தயவில் இருந்த ஒரு மன்றம் சட்டத்தால் காக்கப்பட்டது. அப்போதும் அது ஆலோசனை மன்றமே. ஆனால் அதனிடம் கேட்பது விருப்பம் என்னும் நிலை மாறிக் கடமை என்னும் நிலை வந்தது.

1908: ஒரே ஆண்டில் இரு சட்டங்கள்

நடவடிக்கைகள் அரசு அச்சகத்தில் அச்சேறுவது ஒரு வழி. நாளேடுகளும் வார ஏடுகளும் அவற்றைத் திறனாய்ந்து மக்களிடம் கொண்டுசெல்வது மற்றொரு வழி. மைசூர் நகரில் இரண்டாம் வழியைத் திறந்தவர்களுள் முதன்மையானவர், ‘தாதையா’ என்று அன்போடு அழைக்கப்பட்ட ம. வெங்கடகிருஷ்ணையா ஆவார். ஆசிரியரும் பத்திரிகையாளருமான அவர் பிரஜா பிரதிநிதி சபையின் உறுப்பினராகவும் விளங்கினார். அவருடைய ‘விருத்தாந்த சிந்தாமணி’ என்னும் கன்னட ஏடு அரசின் செயல்களை அஞ்சாது விமரிசித்தது.

திவான் வி.பி. மாதவராவ் காலத்தில் 1908-இல் மைசூர்ப் பத்திரிகை ஒழுங்குச் சட்டம் வந்தது. ஏடுகளை நடத்துவதை அரசின் இசைவுக்கு உட்படுத்திய அச்சட்டத்தின் விளைவாக ‘விருத்தாந்த சிந்தாமணி’ நின்றுபோயிற்று. சபை தொடர்ந்து கூடியது. நடவடிக்கைகள் தொடர்ந்து அச்சாயின. ஆனால் அவற்றை எடைபோட்டு உரைக்கும் குரல் மெலிந்தது. கூட்டம் திறந்திருந்தும் அதன் செய்தி தடையின்றிப் பரவ வழியில்லையேல் வெளிப்பாடு பாதியாகிவிடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

அதே 1908-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானதாகும். வேல்சில் உள்ள டென்பி நகராட்சி ஒரு செய்தியாளரைத் தன் கூட்டத்திலிருந்து விலக்கியது. நகராட்சிக் கூட்டத்தில் இருக்கப் பத்திரிகையாளருக்குச் சட்டப்படி உரிமையில்லை என்று நீதிமன்றம் கூறியது. அக்குறையை நீக்க, உள்ளாட்சி மன்றக் கூட்டங்களில் செய்தியாளர் அமரும் உரிமையை அவ்வாண்டே நாடாளுமன்றம் சட்டமாக்கியது. பேரரசின் தலைநகரில் வாயில் திறந்த ஆண்டில், அதன் மேலாண்மைக்குட்பட்ட சமஸ்தானம் ஒன்றில் ஏட்டின் வாய் அடைக்கப்பட்டது.

குழு என்னும் மறைவிடம்

ஆங்கிலச் சட்டத்தின் பிற்கால வரலாறு ஆலோசனைக் குழுக்களைப் பற்றிய ஓர் உண்மையை உணர்த்துகிறது. மன்றக் கூட்டத்தில் செய்தியாளர் அமரலாம் என்றதும், சில மன்றங்கள் முழு மன்றத்தையே ஒரு குழுவாக மாற்றிக்கொண்டு கதவை மூடின. இதனைத் தடுக்க 1960-இல் மற்றொரு சட்டம் வந்தது. பின்னாளில் பிரதமரான மார்கரெட் தாட்சர் புதிய உறுப்பினராக இருந்தபோது தனிநபர் மசோதாவாகக் கொணர்ந்தது அது. பொதுமக்களும் கூட்டத்துக்கு வரலாம் என்றும், முழு மன்றமே குழுவாக அமர்ந்தாலும் அவ்வுரிமை உண்டு என்றும் அது கூறியது. துணைக்குழுக்களுக்கும் அவ்வுரிமை விரிவதற்கு 1985 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உண்மையான விவாதம் மூடிய இடத்தை நாடிச் செல்லும் தன்மையுடையது என்பது இதனால் அறியப்படும்.

அமெரிக்காவில் இச்சிக்கல் நேரடியாக எதிர்கொள்ளப்பட்டது. கலிபோர்னியா மாநிலத்தில் 1953-இல் இயற்றப்பட்ட பிரவுன் சட்டத்தின் விதிகள், உள்ளாட்சி மன்றம் முறைப்படி அமைக்கும் குழு முடிவெடுப்பதாயினும் ஆலோசனை கூறுவதாயினும் அதன் கூட்டம் திறந்ததாக இருத்தல் வேண்டும் என்கின்றன. புளோரிடாவில் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் ஆலோசனைக் குழுக்களுக்கும் பொருந்துமா என்னும் வினா பாம்பீச் நகர வழக்கில் எழுந்தது. நகர மன்றம் நியமித்த குடிமக்கள் குழு ஒன்று மூடிய கூட்டங்களில் நிலப்பயன்பாட்டுத் திட்டத்தை வகுத்தது. மன்றம் பின்னர்த் திறந்த கூட்டத்தில் அதனை ஏற்றது. 1974-இல் மாநில உச்சநீதிமன்றம் அத்திட்ட விதியைச் செல்லாததாக்கியது. ஆலோசனைக் குழுவின் அறையில் உருவான முடிவு மன்றத்தில் முத்திரை மட்டுமே பெறுமாயின், மக்கள் காணவேண்டியது அந்த அறையையே என்பது இத்தீர்ப்பால் விளங்கும் நெறியாகும்.

தமிழகத்தில் 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்று விதித்தது. பொதுமக்களையோ குறிப்பிட்ட ஒருவரையோ வெளியேறச் சொல்வதாயின், அதன் காரணத்தைத் தலைவர் நடவடிக்கைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்றும் அது கூறியது. திறந்திருத்தல் பொது விதி, மூடுதல் விலக்கு, விலக்குக்குக் காரணம் எழுதப்படவேண்டும் என்னும் இம்மூன்று படிகளும் இன்றும் சிறந்த முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கவை. எனினும் அவ்விதி பேசியது மன்றத்தைப் பற்றியே.

மூடுவதற்கும் நியாயமான காரணங்கள் உண்டு என்பதை மறுத்தற்கில்லை. 1903-இல் மைசூரில் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் அமைக்கப்பட்டது. புதிய குடியிருப்புகளுக்கு நிலம் எடுக்கும் இத்தகைய வாரியங்களில், எந்த நிலம் எடுக்கப்படவுள்ளது என்பது முன்கூட்டியே வெளிப்பட்டால் விலை ஏறும்; இடைத்தரகர் நுழைவர். தனிமனிதரின் நோய், வறுமை, ஒழுக்கம் பற்றிய செய்திகளும் பலர்முன் பேசத்தக்கவை அல்ல. ஆயின் இக்காரணங்கள் ஒரு கூட்டத்தின் ஒரு பொருளுக்கு, ஒரு காலத்துக்குப் பொருந்துவன. நிலம் எடுத்து முடிந்தபின்னும் நடவடிக்கைக் குறிப்பை மூடிவைப்பதற்கு அக்காரணம் உதவாது. பேசும்போது மூடலாம் என்பதற்கும் பேசியதை என்றும் மறைக்கலாம் என்பதற்கும் இடையிலுள்ள எல்லையைச் சட்டம் தெளிவாக வரைதல் வேண்டும்.

இன்றைய மைசூருவின் நிலை

பிரஜா பிரதிநிதி சபை 1949-இல் முடிவுற்றது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சட்டமன்றம் வந்தபின் ஆலோசனைச் சபைக்குத் தேவையில்லை என்று கருதப்பட்டது இயல்பே. ஆனால் ஆலோசனை மன்றம் என்னும் வடிவம் உள்ளாட்சி நிலையில் மீண்டும் தோன்றியது. 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73, 74-ஆம் திருத்தங்களே அதற்கு வழிவகுத்தன.

இவ்விரு திருத்தங்களும் ஊரையும் நகரையும் இருவேறு வகையில் நடத்துகின்றன. ஊராட்சியில் வாக்காளர் அனைவரையும் கொண்டது கிராம சபை. அங்கே யார் வரலாம் என்னும் வினாவே எழுவதில்லை. கர்நாடகத்தில் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வார்டு சபைகளும் சேர்ந்தன. நகரிலோ, மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட இடங்களில் வார்டுக் குழு அமையவேண்டும் என்று அரசியலமைப்பின் 243எஸ் பிரிவு கூறுகிறது. அதில் யார் இருப்பர், எவ்வாறு தெரிவு செய்யப்படுவர் என்பதை மாநிலச் சட்டத்துக்கு விட்டுவிடுகிறது. மைசூரு மாநகராட்சி இந்த வரம்பை எப்போதோ கடந்தது. ஆகவே மைசூரு வட்டத்தின் சிற்றூரில் வாழ்பவர் தம் உரிமையால் சபையில் அமர, நகரில் வாழ்பவர் ஒரு சிலரே உறுப்பினராக உள்ள குழுவை நோக்கி நிற்கிறார். திறந்த கூட்டம் பற்றிய விதி நகருக்கே மிகுதியும் தேவைப்படுவதன் காரணம் இதுவே.

கர்நாடக மாநகராட்சிகள் சட்டம் 2011-இல் திருத்தப்பட்டு வார்டுக் குழுவும் பகுதி சபையும் சேர்க்கப்பட்டன. வார்டுக் குழுக்களுக்கான விதிகள் 2016-இல் வெளிவந்தன. வார்டு உறுப்பினர் தலைமை தாங்க, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், குடியிருப்போர் சங்கத்தார் ஆகியோருக்கு இடமளித்து நியமிக்கப்பட்டோர் உறுப்பினராவர். சட்டம் வந்ததனால் மட்டும் கூட்டங்கள் ஒழுங்காக நடந்துவிடவில்லை. பெங்களூருவில் குப்பை அகற்றல் பற்றிய பொதுநல வழக்கில் உயர்நீதிமன்றம் வற்புறுத்திய பின்னரே வார்டுக் குழுக்கள் உயிர்பெற்றன. தமிழ்நாட்டில் 2022-இல்தான் வார்டுக் குழு, பகுதி சபை விதிகள் வெளிவந்தன.

இந்நிலையில் முன்னுரையில் கூறிய தகவல் அறியும் உரிமைச் சட்டவிதியே எல்லாக் குழுக்களையும் தழுவும் ஒரே பொது விதியாக நிற்கிறது. அதன் பயன் அறிவிப்பின் தரத்தைப் பொறுத்தது. ‘கூட்டங்கள் திறந்தவை அல்ல’ என்னும் ஒற்றை வரியும் சட்டப்படி அறிவிப்பே. ஆயினும் அவ்வரியை எழுதிய அமைப்பு, ஏன் என்று கேட்கும் குடிமகனுக்கு விடை சொல்லவேண்டிய நிலைக்குத் தன்னை உள்ளாக்கிக்கொள்கிறது. குழுவின் பெயரையே பட்டியலில் சேர்க்காது விடும்போதுதான் விதி முழுதும் தோற்கிறது.

மொழி பற்றிய கூறும் இங்கே எண்ணத்தக்கது. அதே 4-ஆம் பிரிவு, செய்திகளைப் பரப்பும்போது செலவையும், வட்டார மொழியையும், அப்பகுதியில் பயன்தரும் தொடர்புமுறையையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்கிறது. மைசூரு கன்னடத்தோடு உருது, தமிழ், தெலுங்கு முதலான மொழிகளும் வழங்கும் நகரம். ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்ட நடவடிக்கைக் குறிப்பு, வார்டுக் குழுவின் பெண் உறுப்பினர் ஒருவருக்கே விளங்காது போகுமாயின், அக்கூட்டம் சட்டத்தின் கண்ணில் திறந்தது, நடைமுறையில் மூடியது. உத்தரமேரூரில் ஓலை எல்லோரும் கேட்க வாசிக்கப்பட்டமையின் பொருள் இங்கே புலனாகும். எழுதிவைத்தல் வேறு, கேட்கச் செய்தல் வேறு.

முடிவுரை

மைசூர்ப் பிரஜா பிரதிநிதி சபையின் அறுபத்தெட்டு ஆண்டு வரலாற்றிலிருந்து உள்ளாட்சி ஆலோசனைக் குழுக்களுக்குப் பொருந்தும் நான்கு கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம்.

1. கூட்டத்தின் நாள் மாறாததாகவும் யாவரும் அறிந்ததாகவும் இருத்தல் வேண்டும். தசராவை ஒட்டிய கூட்டம் அவ்வாறே நிலைபெற்றது.

2. பேசப்பட்டதும் அதற்கு அரசு தந்த விடையும் அருகருகே பதிவாதல் வேண்டும். அறிவுரையை ஏற்கும் கட்டாயம் அரசுக்கு இல்லை. காரணம் கூறும் கட்டாயம் இருத்தல் வேண்டும்.

3. பதிவானது மக்களின் மொழியில் மக்களைச் சென்றடைய வேண்டும். 1908-இல் ஏடு நின்றபோது சபையின் குரலும் குன்றியது.

4. சபையைக் கூட்டுவதும் கலந்தறிவதும் ஆட்சியாளரின் விருப்பத்தில் நில்லாது சட்டத்தால் உறுதிசெய்யப்பட வேண்டும். 1881-இன் அரசாணைக்கும் 1923-இன் சட்டத்துக்கும் உள்ள தொலைவு இதுவே.

மன்றத்திடம் வாக்கு உண்டு. ஆகவே கதவு மூடியிருப்பினும் அதன் முடிவு வெளியே வந்தே தீரும். ஆலோசனைக் குழுவிடம் இருப்பது சொல் மட்டுமே. மூடிய அறையில் சொல்லப்பட்டு எழுதப்படாது போகும் அறிவுரை சொல்லப்படாத அறிவுரைக்கு நிகராகும். முடிவெடுக்காத குழு யார் முன்னிலையில் பேசினால் என்ன என்னும் வினாவுக்கு மைசூர் வரலாறு தரும் விடை இது. பிறர் முன்னிலையில் பேசுவது முடிவெடுக்கும் மன்றத்துக்கு ஒரு கட்டுப்பாடு. முடிவெடுக்காத குழுவுக்கோ அதுவே உயிர்நிலை.